மூன்றாம் உபசாரம்

எட்லா சமைக்கப் போகிற வீடுகள் இரண்டு வகை. சாவு வீடு, விசேஷ வீடு. சாவு வீட்டில் ஜனங்கள் கொஞ்சம் சீக்கிரம் கை வைப்பார்கள், மற்றபடி இரண்டும் ஒன்றுதான் என்பாள். முப்பது வருஷமாக, வடக்குப் பனிநாட்டு ஹெல்சிங்லாந்தின் அந்த ஏரிக்கரை ஊரில் எந்த வீட்டில் காபி கொதித்தாலும் கெண்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றிருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்து குடித்தவர்களைவிட, சமையலறைக் கதவிடுக்கில் நின்று பார்த்த அவளுக்குத்தான் ஊரின் யோக்கியதை நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். பிப்ரவரி பாதி. விடிவதற்கு முன்பே பால்கார ஏலோஃப் தன் சறுக்குவண்டியில் அவளை ஏற்றிக்கொண்டான். செம்புக் கெண்டி அவள் மடியில், பிஸ்கட் அச்சுத் தகரங்கள் சாக்கில்.

"நெஸ் பண்ணையிலயா இன்னைக்கு?"

"ஆமா. டீராவுக்கு அம்பது வயசு."

"ஏழு வகை பிஸ்கட்டா?"

"ஏழுதான். ஆறு வச்சா கஞ்சம்பாங்க. எட்டு வச்சா திமிரும்பாங்க."

"ஒரு தடவ எட்டு வச்சுத்தான் பாரேன் எட்லாக்கா."

"எங்க வீட்டுலயும் அடுத்த வாரம் அடுப்பெரியணும்டா" என்றாள் எட்லா. ஏலோஃப் சிரித்தான். குதிரையும் வெள்ளை மூச்சு விட்டது.

புருஷன் செத்துப் பதினோரு வருஷம். கூப்பிட்டால் கூலி, கூப்பிடாவிட்டால் உருளைக்கிழங்கும் உப்புமீனும். அதனால் எட்லா வாயைக் காபித் துணியால் கட்டிவைத்திருந்தாள். பார்த்ததைச் சொன்னதில்லை. பார்த்ததோ கொஞ்சநஞ்சமல்ல.

பந்திக்கு முந்தச் சொன்ன புண்ணியவான் அந்த ஊரில் பிறக்கவில்லை. அங்கே பந்திக்கு முந்தினவன் மானம் கெட்டவன். மேஜையில் எல்லாம் பரப்பியிருக்கும், கூட்டம் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரி ஒருமுறை கூப்பிடுவாள். "ஐயோ, எதுக்குச் சிரமம்" என்பார்கள். இரண்டாம் முறை கூப்பிடுவாள். "இப்பத்தான் வீட்டுல சாப்ட்டு வந்தோம்" என்பார்கள். மூன்றாம் முறை கெஞ்சுவாள். "சரி, ஒரு அரைக் கோப்பை" என்று பெருமூச்சு விடுவார்கள், ஏதோ தூக்குமேடைக்குப் போகிற மாதிரி. அரைக் கோப்பை என்றால் முழுக் கோப்பை, அதுவும் நாலு தடவை. மூன்றாம் உபசாரத்துக்கு முன்னால் கை நீட்டியவளைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

நெஸ் பண்ணைச் சமையலறையில் வால்ஃப்ரீத் குனிந்து உட்கார்ந்திருந்தான். டீராவின் புருஷன். தேவாலய மணியக்காரன். ஆறடி ஆள், அன்றைக்குப் பிசைந்த மாவு மாதிரி வெளிறிப்போயிருந்தான்.

"என்ன வால்ஃப்ரீத், காலங்காத்தாலயே கூனிப்போய்ட்ட?"

"ஒண்ணுமில்ல. நேத்து பன்றிக் கொழுப்பு ஒத்துக்கல."

"எங்க வலிக்குது?"

"முந்தி தொப்புள்கிட்ட. இப்ப வலப்பக்கம் எறங்கிருச்சு."

மாவில் இருந்த எட்லாவின் கை நின்றது. தொப்புளில் ஆரம்பித்து வலப்பக்கம் இறங்குகிற அந்த வலிக்கு அவள் மூன்று சாவுக் காபி போட்டிருக்கிறாள். சாவு வீட்டில் எல்லோரும் நோயைப் பற்றித்தான் பேசுவார்கள். குடல்வால் என்பது அவளுக்குப் பால்காய்ச்சுவது போலத் தெரிந்த விஷயம்.

டீரா வெள்ளி ஊக்கைச் சட்டைக் கழுத்தில் குத்திக்கொண்டே வந்தாள். எட்லாவும் அவளும் ஒரே வருஷம் பாதிரியாரிடம் வேதபாடம் கற்றவர்கள். சமையலறையில் மட்டும் நீ, நான் என்று பேசிக்கொள்வார்கள். கூடத்தில் டீரா 'வீட்டம்மா.'

"இது குடல்வால் டீரா. இவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. விருந்த நாளைக்கு வச்சுக்கலாம்."

"பதினெட்டுப் பேரு வர்றாங்க எட்லா! பாதிரியாரம்மா வர்றாங்க. இப்பப் போய் வராதீங்கன்னு சொல்ல முடியுமா? சாயந்திரம் ஆறு மணிக்கு எல்லாரும் போயிருவாங்க."

"ஆறு மணிக்கு உன் புருஷனும் போயிருவான்."

"வாயக் கழுவு."

வால்ஃப்ரீத் சுவரைப் பிடித்து எழுந்தான். "அவங்க வர்ற நேரத்துல வீட்டுக்காரன் படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்? நான் உக்காந்துக்கறேன். ஒரு நாலு மணி நேரந்தான" என்று சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட காலரை மாட்டிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

எட்லா காபியில் மீன்தோல் துண்டு போட்டுத் தெளியவைத்தாள். மூன்று முறை பொங்கவைத்து மூன்று முறை இறக்கினாள். தன் வேலை சமைப்பது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டதற்காக அன்று முழுக்க அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

இரண்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கடைசியாக மளிகைக்கடை மால்ம்ஸ்தென் தன் மனைவியோடும் பாதிரியாரம்மாவோடும் காரில் வந்து இறங்கினார். ஊரில் இருந்த ஒரே கார். வாசலில் நிறுத்தி, என்ஜின் உறையாமலிருக்கக் கம்பளி போர்த்திவிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்தவர் போல மெல்ல நடந்து வந்தார். மேலங்கிகளெல்லாம் உள்ளறைக் கட்டிலில் குவிந்தன. உச்சியில் பாதிரியாரம்மாவின் நரித்தோல் அங்கி.

கூடத்தில் வால்ஃப்ரீத் பாதிரியாரம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். நெற்றியிலிருந்து வியர்வை காலருக்குள் ஓடியது. பதினெட்டு ஜோடிக் கண்களும் அதைப் பார்த்தன. பார்த்ததும் எல்லாம் ஜன்னலுக்குத் திரும்பின.

"கூடம் நல்லா கதகதன்னு இருக்கு" என்றாள் பாதிரியாரம்மா.

"பிர்ச் விறகு" என்றார் மால்ம்ஸ்தென். "பிர்ச்சுக்கு இணை கெடையாது."

"ஏரி மேல வெயில் என்னமா மின்னுது பாருங்க."

"மணியக்காரர் ஒண்ணும் எடுத்துக்கலையே."

"வீட்டுக்காரன் முந்தி எடுத்தா நல்லாவா இருக்கும்" என்றான் வால்ஃப்ரீத். பல்லைக் கடித்துச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்தான். "குதிரைக்கு ஒரு தடவ தண்ணி காட்டிட்டு வந்துடறேன்."

"போய்ட்டு வாங்க. வாயில்லா ஜீவனாச்சே" என்றாள் பாதிரியாரம்மா.

குதிரைக்குத் தண்ணீர் காட்ட அந்தப் பண்ணையில் ஆள் இருக்கிறான், அது அவளுக்கும் தெரியும். அதோடு குதிரைலாயம் வாசல் பக்கம், வால்ஃப்ரீத் போனது உள்ளறைப் பக்கம். சற்றுப் பொறுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. பாதிரியாரம்மா உடனே குரலை உயர்த்தி மிஷன் தையல் சங்கத்துக் கணக்குவழக்கைப் பேச ஆரம்பித்தாள். எல்லோரும் அதில் அக்கறையாகக் கலந்துகொண்டார்கள்.

அவர்கள் கெட்டவர்களா என்றால் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். எழுந்து போனால், நாம் கவனித்துவிட்டோம் என்று ஆகிவிடும். டீராவுக்கு அவமானம். பாவம், அவளுடைய அம்பதாவது பிறந்தநாள். ஆகவே அவளுடைய மானத்தைக் காப்பாற்றப் பதினெட்டுப் பேரும் நாற்காலியை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்து, மூன்றாம் கோப்பையும் குடித்தார்கள். ஒருவன் சாகிற வீட்டில் இத்தனை கரிசனத்தோடு பிஸ்கட் தின்ற கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

மூன்று மணிக்கு மால்ம்ஸ்தென் தொண்டையைச் செருமினார்.

"வண்டி வாசல்லதான் நிக்குது வீட்டம்மா. யாருக்காச்சும் எங்கயாச்சும் போகணும்னா..."

டீராவின் முகம் தெளிந்தது. கதவிடுக்கில் நின்ற எட்லாவுக்கும் மூச்சு வந்தது.

"ஐயோ, முதலாளிக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் டீரா.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இரண்டாம் தடவை கேட்பார், மூன்றாம் தடவை கேட்பார், அப்போது "அவ்வளவு சொல்றப்ப" என்று ஒப்புக்கொள்ளலாம். மால்ம்ஸ்தென் தலையாட்டினார். ஒரு பாதாம் பிஸ்கட்டை எடுத்தார். புது வண்டி, துணி உறை போட்ட இருக்கை, வாந்தியெடுக்கிற ஆள். காபிக்கு மூன்று உபசாரம் எதிர்பார்க்கிற மனுஷன், காருக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

டீரா கெண்டியை நிரப்புகிற சாக்கில் சமையலறைக்கு வந்தாள்.

"கேட்டாருல்ல!" என்றாள் எட்லா. "ஆமான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்றது? ஒரு தடவதான கேட்டாரு. ஒரே தடவையில ஆமான்னா என்ன நெனப்பாரு?"

"இப்பப் போய் நீ கேளு."

"நானா? விருந்துக்கு வந்தவர வண்டியோட்டுன்னா? எட்லா, நான் என்ன பரதேசியா?"

"நாளைக்கு விதவை ஆவ."

டீராவுக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் ஒரு துணியால் கெண்டி மூக்கைத் துடைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு போனாள். எட்லா அவளுக்காகப் பரிதாபப்பட்டாள். பரிதாபத்துக்கு மேலே அருவருப்புதான் நின்றது.

ஒரு தந்திரம் அவளுக்குத் தோன்றியது. க்ரீம் கேக் கடைசியில் வருவது. அது வந்தால் விருந்து முடிந்தது என்று அர்த்தம், தின்றதும் எழலாம். ஏழு வகையும் சுற்றி முடிவதற்கு முன்பே கேக்கைக் கொண்டுபோய் நடுமேஜையில் வைத்தாள். 'சீக்கிரம் தின்று தொலையுங்கள்' என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

"பாதிரியாரம்மா ஆரம்பிச்சு வைக்கணும்" என்றாள் டீரா.

"ஐயய்யோ, இவ்வளவு அழகான கேக்குல கத்தி வைக்க எனக்கு மனசு வருமா? மால்ம்ஸ்தென் அம்மா ஆரம்பிக்கட்டும்."

"பாதிரியாரம்மா இருக்கறப்ப நானா? நல்லாருக்கே!"

"வயசுல பெரியவங்க அங்க இருக்காங்களே, அவங்க..."

"எனக்கு இங்கயிருந்து கை எட்டாது. பாதிரியாரம்மாவே..."

கத்தி மேஜையைச் சுற்றி வந்தது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. வெட்டுவார் இல்லை.

எட்லா உள்ளறைக்குப் போனாள். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டில் நிறைய விருந்தாளிகளின் அங்கிகள். வால்ஃப்ரீத் அவற்றை நகர்த்தவில்லை. தன் வீட்டில், தன் கட்டிலோரம், வெறும் பலகைத் தரையில் முழங்காலை மடக்கிக் கிடந்தான்.

"இப்பப் பரவால்ல எட்லா" என்றான். உதடு நீலம். "திடீர்னு வலி நின்னுருச்சு. சாமி புண்ணியம்."

மூன்று சாவு வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். 'திடீர்னு வலி நின்னுச்சு, சிரிச்சாரு, நல்லாயிட்டாருன்னே நெனச்சோம்.' உள்ளே வெடித்தால்தான் வலி நிற்கும்.

அவள் கட்டிலை நோக்கிக் குனிந்தாள். அங்கிகளை ஒரே அணைப்பில் வாரினாள். முகம் தெரியாத அளவுக்குச் சுமந்துகொண்டு, அடுப்புக்கரி பட்ட சமையல் உடுப்போடு, செருப்புச் சத்தத்தோடு கூடத்துக்குள் நுழைந்தாள். சமையல்காரி கூப்பிடாமல் கூடத்துக்குள் வருவதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. பாதிரியாரம்மாவின் மடியில் நரித்தோலைப் போட்டாள். மடியில் பிஸ்கட் தட்டும் க்ரீம் கிண்ணமும் இருந்தன. அவற்றின் மேலேயே போட்டாள். மற்றவர்கள் மடியிலும் கைக்கு வந்ததை வந்தபடி எறிந்தாள். கடைசியாக மால்ம்ஸ்தென்னின் ரோமத் தொப்பியை அவர் தலையில் வைத்து, காது வரைக்கும் அழுத்தினாள்.

"நீங்க எந்திரிங்க. வண்டியக் கெளப்புங்க."

அந்த ஊரில் பெரிய மனுஷனை அவர் தகுதியைச் சொல்லி 'முதலாளி' என்றுதான் அழைக்கலாம். முகத்துக்கு நேரே 'நீங்க' என்றால் கன்னத்தில் அறைந்த மாதிரி. அவர் வாயில் பிஸ்கட் அப்படியே நின்றது.

"எட்லா!" என்று டீரா அலறினாள். "விருந்தாளிங்கள..."

"வால்ஃப்ரீத்துக்குக் குடல்வால் வெடிச்சிருச்சு. தரையில கெடக்கான். கட்டில்ல உங்க துணி கெடந்துச்சு. இங்க இருக்கற அத்தன பேருக்கும் மத்தியானத்துலருந்தே தெரியும்."

பாதிரியாரம்மா நரித்தோலிலிருந்து க்ரீமை விரலால் வழித்தாள்.

"நான்தான் அப்பவே கேட்டேனே" என்றார் மால்ம்ஸ்தென், தொப்பிக்குள்ளிருந்து.

"முதலாளிக்குச் சிரமம்..." என்று டீரா முனகினாள். பழக்கம், பாவி மகளுக்கு அந்த நேரத்திலும் விடவில்லை.

"சிரமந்தான்" என்றாள் எட்லா. "எந்திரிங்க."

பனி உறைந்த ஏரி மேலேயே கார் ஓடியது. சுற்றுவழியில் போயிருந்தால் இன்னும் அரைமணி ஆகியிருக்கும், அந்த அரைமணி அவன் தாங்கியிருக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆறு வாரம் குழாய் வைத்துச் சீழ் இறக்கினார்கள். வால்ஃப்ரீத் பிழைத்துக்கொண்டான்.

அவன் பிழைத்த கதையை ஊர் தனக்குத் தோதாகத் தைத்துக்கொண்டது. பாதிரியாரம்மா அவன் முகத்தைப் பார்த்ததுமே மனசில் ஜெபம் பண்ணினாளாம். மால்ம்ஸ்தென் தானாகவே வண்டி தந்தாராம், உத்தமர். எட்லா என்ற பேர் அந்தக் கதையில் ஓரிடத்தில்தான் வந்தது: கூடத்துக்குள் புகுந்து விருந்தாளிகளைத் துணியால் அடித்துத் துரத்தினவள். டீரா அடுத்த வாரமே வீடு வீடாகப் போய்ச் சமையல்காரிக்காக மன்னிப்புக் கேட்டாள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்க, பதினெட்டுப் பேரிடமும்.

மார்ச்சில் ஒரு சாவு, ஒரு ஞானஸ்நானம். ஈஸ்டரில் ஒரு நிச்சயம். மூன்றுக்கும் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. எட்லாவின் செம்புக் கெண்டி ஆணியில் தொங்கிக் கறுத்தது.

ஏப்ரலில் பனி உருகி, வழியெல்லாம் கணுக்கால் சேறு. அதில் நடந்து டீரா வந்தாள். கதவருகே இருந்த மரப்பலகையில் ஓரமாக உட்கார்ந்தாள். அடுப்பில் எட்லாவின் காபி கொதித்துக்கொண்டிருந்தது.

"வழி ரொம்ப மோசம்" என்றாள் டீரா.

"மோசந்தான்."

"ஏரியில பனிக்கட்டி இந்த வாரம் போயிரும் போல."

"போயிரும்."

"எட்லா, நீ பாதிரியாரம்மாகிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னா..."

"என்ன வார்த்தை?"

"வருத்தப்படறேன்னு. ஒரு வார்த்தைதான். அதோட எல்லாம் சரியாப் போயிரும். பழையபடி எல்லாரும் உன்னயே கூப்பிடுவாங்க."

"எதுக்கு வருத்தப்படணும்? உன் புருஷன் உசுரோட இருக்கறதுக்கா?"

"அப்படிப் பேசாத. அந்த அங்கியில க்ரீம் கறை போகவே இல்லையாம். நரித்தோலு."

எட்லா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஒரே வருஷம் ஒன்றாகப் பாடம் படித்தவள் இப்படிச் சொல்கிறாளே என்று நெஞ்சு ஒருமுறை வலித்தது. அதுவும் நின்றது.

"வால்ஃப்ரீத் என்ன சொல்றான்?"

"அவரும் அதத்தான் சொல்றாரு. தேவாலயத்துல பாதிரியாரம்மா முகத்துல முழிக்கவே கூச்சமா இருக்காம்."

எட்லா வாய்விட்டுச் சிரித்தாள். எழுந்து கெண்டியை இறக்கினாள். வாசனை குடிசை முழுக்க நிறைந்தது. சேற்றில் நடந்து வந்த டீராவின் மூக்கு தன்னால் விரிந்தது.

"காபி குடிக்கிறியா?" என்றாள் எட்லா.

"ஐயோ, வேண்டாம். உனக்கெதுக்குச் சிரமம்."

"சரி" என்று எட்லா உட்கார்ந்தாள். தன் கோப்பையில் விளிம்பு வரை ஊற்றினாள். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சத்தம் வர உறிஞ்சினாள்.

டீரா கோப்பையைப் பார்த்தாள். கெண்டியைப் பார்த்தாள். கையுறையை மடித்தாள், விரித்தாள். கூரையிலிருந்து பனி சொட்டியது. எட்லா இரண்டாம் கோப்பை ஊற்றிக்கொண்டாள். டீராவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. கேட்டிருந்தால் எட்லா கொடுத்திருப்பாள். அரைக் கோப்பை என்று சொல்லியிருந்தால்கூட முழுக் கோப்பையாகக் கொடுத்திருப்பாள். டீரா கேட்கவில்லை. கால்மணி நேரம் காத்திருந்துவிட்டு, எழுந்து, வானம் தெளிவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை ஏலோஃப் வழியில் வண்டியை நிறுத்தினான்.

"எட்லாக்கா, நேத்து தேவாலய வாசல்ல டீரா சொல்லிக்கிட்டிருந்தா. அத்தனை தூரம் சேத்துல நடந்து போயிருக்கா, நீ ஒரு வாய் காபி குடின்னுகூடச் சொல்லலியாமே?"

"கேட்டேனே."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ."

ஏலோஃப் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். "ஒரு தடவ கேட்டா அது கேட்டதுல சேருமா?"

"மால்ம்ஸ்தென்னும் ஒரு தடவதான்டா கேட்டாரு. அத மட்டும் ஊரே கேட்டதுல சேத்துக்கிச்சே?"

ஏலோஃப் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"அவருகிட்ட காரு இருக்குல்ல" என்றான்.